பரிக்கவசமும் உருக்கும்: தமிழ்க் கடற்கரையிலிருந்து ஒரு படைக்கல வரலாறு

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேட்டில் அமைந்த இடையஞ்சாவடி, 1968ஆம் ஆண்டில் ஆரோவில் தோன்றிய பின் அதன் அண்டை ஊராகவே பெரிதும் அறியப்படுகிறது. எனினும் குதிரைப்படையின் வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வூர் நிற்கும் நிலப்பரப்பு வேறொரு வகையில் முதன்மையுடையது. வடகிழக்கே மரக்காணத்து உப்பளங்களும், சங்க இலக்கியம் கூறும் எயிற்பட்டினம் என ஆய்வாளர் பலர் கருதும் பழைய துறையும் உள்ளன. தெற்கே அரிக்கமேடு கடல் வாணிகத்தின் சான்றாகக் கிடக்கிறது. வடமேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நேர்த்தொலைவில் செஞ்சிக் கோட்டை எழுகிறது. மேற்கே பழைய தென்னார்க்காட்டின் உள்நாட்டுப் பகுதியில் இரும்பு உருக்கிய உலைக்களங்களின் எச்சங்கள் காணப்படுகின்றன. கடல்வழி வந்த குதிரை, மலையடியில் விளைந்த உருக்கு, இரண்டையும் போருக்குக் கூட்டிய கோட்டை ஆகிய மூன்றும் சில நாள் வண்டிப் பயணத் தொலைவுக்குள் அடங்கிய இந்த வட்டாரத்திலிருந்து நோக்கும்போது, போர்க்குதிரைக்கு எஃகுக்கவசம் செய்யும் கலை தென்னாட்டில் ஏன் தனக்கென ஒரு வடிவத்தைத் தேடிக்கொண்டது என்பது தெளிவாகிறது.

உலகின் மிகச் சிறந்த எஃகுகளுள் ஒன்றைச் செய்த நாடு, தன் குதிரைகளை முழுதும் எஃகால் மூடவில்லை. இதற்குத் திறக்குறைவு காரணமன்று. குதிரையின் உடலும், வெப்பமும், கடல்கடந்து வந்த விலங்கின் விலையும் சேர்ந்து, எஃகு எங்கே வேண்டும், பருத்தியும் தோலும் எங்கே போதும் என்று வகுத்தன. அந்த வகுப்பை அறிந்து வேலை செய்ததே இந்நாட்டுக் கவசத் தொழிலின் நுட்பம் என்பது பின்வரும் சான்றுகளால் விளங்கும்.

குதிரையின் உடலும் கவசத்தின் உறுப்புகளும்

குதிரைக்கவசம் எங்கே செய்யப்பட்டாலும் அதன் உறுப்புகளைத் தீர்மானிப்பது விலங்கின் உடலமைப்பே ஆகும். நெற்றியிலிருந்து மூக்குவரை மூடும் முகக்கவசம், பிடரியின் மேல் படியும் கழுத்துக்கவசம், முன்னங்கால்களுக்கு மேல் தொங்கும் மார்புக்கவசம், சேணத்துக்குக் கீழே இருபுறமும் அமையும் பக்கக்கவசம், இடுப்பையும் தொடையையும் மூடும் பின்கவசம் என ஐந்து பகுதிகளாக அது பிரிகிறது. அக்பரின் அவையில் அபுல் பசல் தொகுத்த அயினி அக்பரி, படைக்கலங்களின் பட்டியலில் குதிரையின் முகத்துக்குரிய கஷ்காவையும், கழுத்துக்குரிய கர்தனியையும், உடலை மூடும் வளையப் பின்னலான கஜீமையும், அதன் அடியில் விரிக்கப்படும் மெத்தைத் துணியையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. உலோகத்தோடு மெத்தைக்கும் அப்பட்டியலில் தனி இடம் தரப்பட்டிருப்பது கருதத்தக்கது; அடியில் மெத்தை இல்லாத உலோகம் அடியைத் தாங்கினாலும் அதன் அதிர்ச்சியை விலங்கின் எலும்புக்கே கடத்திவிடும் என்பதைக் கவசத்தொழிலர் நன்கறிந்திருந்தனர்.

இவ்வைந்து உறுப்புகளுக்கும் தனித்தனிச் சிக்கல்கள் உண்டு. நெற்றியெலும்பு தட்டையாகவும் தோல் மெல்லியதாகவும் இருப்பதால், முகத்துக்குக் கடினமான ஒற்றைத் தகடு பொருந்தும். அங்கே சதை அசைவு குறைவு, எனவே தகடு அசைவைத் தடுக்காது. கழுத்தோ குதிரை ஓடும்போது ஒவ்வோர் எட்டுக்கும் ஏறி இறங்குவது. அங்கே ஒற்றைத் தகடு உதவாது, குறுக்கே அடுக்கிய பல தகடுகளோ வளையப் பின்னலோதான் வேண்டும். தோள்பட்டை எலும்பு முன்னும் பின்னும் நழுவ இடமில்லாமல் மார்புக்கவசம் இறுகினால் குதிரையின் பாய்ச்சல் குறுகிவிடும். பக்கக்கவசம் மிக அகன்றால், வீரன் தன் கால்களால் குதிரையின் விலாவில் தரும் குறிப்புகள் அதற்கு எட்டாமற்போகும். கைகள் வில்லிலும் வேலிலும் இருக்கும் வேளையில் காலால் தரும் குறிப்பே குதிரையை நடத்துவது. ஆகவே கவசம் செய்பவன் கொல்லனாக மட்டும் இருந்தால் போதாது. குதிரை எவ்வாறு நடக்கிறது, எங்கே வியர்க்கிறது, எவ்விடத்தில் உராய்ந்து புண்படுகிறது என்பதை அறிந்தவனாகவும் இருத்தல் வேண்டும்.

எடைக் கணக்கு இதனினும் கடுமையானது. 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ எடையுடையது, 1.2 மில்லிமீட்டர் தடிப்பில் இரண்டரைச் சதுர மீட்டர் பரப்பை மூடினால், மெத்தையும் வார்களும் சேராமலே 23 கிலோவைக் கடந்துவிடும். இதன்மேல் வீரனின் உடல், அவனுடைய கவசம், சேணம், படைக்கலங்கள் ஆகியவை ஏறுகின்றன. 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் முழுக் குதிரைக்கவசம் 30 கிலோ அளவிலும் அதற்கு மேலும் சென்றது. அதனைத் தாங்கப் பருத்த எலும்புடைய குதிரையினம் அங்கே வளர்க்கப்பட்டது. மிலான், ஆக்ஸ்பர்க், இன்ஸ்புருக் நகரங்களின் பட்டறைகள் இக்கலையில் உச்சம் தொட்டன. 1510ஐ ஒட்டிப் பேரரசர் மாக்சிமிலியன் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு அளித்த பர்கண்டியக் குதிரைக்கவசம், மாதுளைக் கொடி வேலைப்பாட்டோடு இன்றும் இங்கிலாந்தின் அரச படைக்கல அருங்காட்சியகத்தில் காணப்படுகிறது. அது விரிந்த பெருந்தகடுகளால் ஆனது. உலோகத்தைச் சிற்பமாக வளைக்கும் ஆற்றலைக் காட்டுவது.

குளிர்நாட்டில் பிறந்த இந்த வடிவத்துக்கு முன்னரே வெப்பநாடுகள் வேறொரு வழியைக் கண்டிருந்தன. சிரியாவின் யூப்ரடீசு ஆற்றங்கரையில் உள்ள தூரா யூரோப்பசு என்னும் உரோமானியக் கோட்டை நகரில் 1930களின் தொடக்கத்தில் நிகழ்ந்த அகழாய்வில், கி.பி. 256ஐ ஒட்டி அந்நகர் வீழ்ந்தபோது புதையுண்ட குதிரைக்கவசங்கள் கிடைத்தன. இரும்பாலும் வெண்கலத்தாலும் செய்த சிறு செதில்களை நாரிழைத் துணியின் மேல் வரிசை வரிசையாகத் தைத்து, சேணத்துக்கு நடுவே இடம் விட்டு, குதிரையின் முதுகிலிருந்து இருபுறமும் தொங்கும் போர்வையாக அவை அமைந்திருந்தன. பெருந்தகட்டை விடுத்துச் சிறு உறுப்புகளைத் துணியோடு இணைக்கும் இந்த நெறியே, பாரசீகம் வழியாகவும் நடு ஆசியா வழியாகவும் இந்தியாவை எட்டிய கவச மரபின் அடிப்படையாயிற்று.

மூசையில் விளைந்த உருக்கு

இந்தியாவில் குதிரையின் முகத்துக்கு உலோகம் அணிவித்த வழக்கம் பெருங்கற்காலம் வரை பின்னோக்கிச் செல்கிறது. நாகபுரிக்கு அருகேயுள்ள மாகுர்ஜரியின் பெருங்கற்காலப் புதைகுழிகளில் குதிரையின் எலும்புகளோடு செப்புத் தகட்டாலான முக அணிகள் கிடைத்துள்ளன. அவை போர்க்காப்பைவிட மதிப்பின் அடையாளமாகவே விளங்கின எனினும், குதிரையின் நெற்றிதான் உலோகத்துக்கு முதலிடம் என்ற எண்ணம் எவ்வளவு பழமையானது என்பதை அவை காட்டுகின்றன. புதுச்சேரி வட்டாரத்தில் சுத்துக்கேணி, முத்திரப்பாளையம் ஆகிய இடங்களில் பிரெஞ்சு ஆய்வாளர் கசால் அகழ்ந்த பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், இடையஞ்சாவடி அமைந்த நிலப்பரப்பிலும் இரும்பைக் கையாண்ட பழங்குடிகளின் வாழ்வு வேரூன்றியிருந்ததை உறுதிப்படுத்துகின்றன.

தமிழகத்து எஃகுத் தொழிலின் பெருமை, மூசையில் இரும்பை உருக்கி எஃகாக்கும் முறையில் உள்ளது. மூசை என்பது களிமண்ணில் உமி கலந்து பிசைந்து செய்த சிறு மண்கலம். அதனுள் தேனிரும்புத் துண்டுகளையும், ஆவாரை விறகின் சிறாய்களையும், எருக்கு போன்ற செடிகளின் பச்சிலையையும் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, இத்தகைய பல மூசைகளை உலையில் அடுக்கி, துருத்தியால் சில மணி நேரம் இடைவிடாது ஊதுவர். மூடிய கலத்துக்குள் விறகும் இலையும் கரியாக, அக்கரியை இரும்பு உட்கொண்டு உருகி, ஆறிய பின் கையடக்கமான எஃகுக் கட்டியாகத் திரளும். இவ்வெஃகில் கரிமத்தின் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு 1 முதல் 2 வரை இருக்கும். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலும், பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரும் இத்தொழில் நடந்த இடங்களாக ஆய்வாளர்களால் சுட்டப்படுகின்றன. ஐரோப்பியர் ஊட்ஸ் என்று அழைத்த இந்த எஃகை 1795ஆம் ஆண்டில் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் ஆராய்ந்து எழுதினார்; பின்னர் மைக்கேல் பாரடேயும் அதன் இயல்பைக் கண்டறிய முயன்றார். 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத், உள்ளூர்க் கொல்லர்களின் மூசை முறையை 1839ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரித்துரைத்தார்.

ஆயினும் இந்தப் புகழ்பெற்ற எஃகு குதிரைக்கவசத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் ஏற்றதன்று. கரிமம் மிகுந்த எஃகு கூர்மையைக் காக்கும். ஆனால் அது சிவப்புச் சூட்டின் குறுகிய எல்லைக்குள் மட்டுமே சம்மட்டிக்குப் பணியும், சூடு மிகுந்தால் நொறுங்கிவிடும். கைப்பிடியளவுக் கட்டியொன்றிலிருந்து ஒரு வாளையோ, குறுந்தகட்டையோ, தலைச்சீராவின் கிண்ணத்தையோ பொறுமையோடு அடித்து நீட்டலாம். அகன்ற மெல்லிய தகடாக விரிப்பது அரிதும் செலவு மிக்கதும் ஆகும். எனவே மூசை எஃகு பெரும்பாலும் வாளின் வாய்க்கும், அம்பு முனைக்கும், உயர்நிலை வீரரின் மார்புத் தகட்டுக்கும் சென்றது. குதிரைக்கவசத்தின் பரந்த பகுதிகளுக்குக் கரிமம் குறைந்த தேனிரும்பே பயன்பட்டது. உலையின் அளவும் கட்டியின் அளவும் சிறியவையாக இருந்தமையால், சிறுதகடுகளை இணைத்துப் பெரும்பரப்பை ஆக்கும் முறைக்கு இந்தியக் கொல்லர் இயல்பாகவே வந்து சேர்ந்தனர்.

தகடும் வளையமும் இணைந்த விதம்

முகக்கவசம் செய்யும் கொல்லன், பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பட்டடையின் மேல் வைத்து முதலில் நீளவாக்கிலும் பின்னர் அகலவாக்கிலும் அடித்துத் தகடாக்கி, நெற்றியிலிருந்து மூக்குத்தண்டு வரை செல்லும் நடுவரையை மேடாக எழுப்புவான். இந்த மேடு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. மேலிருந்து இறங்கும் வாளின் அலகையும் நேரே வரும் வேலின் முனையையும் பக்கவாட்டில் வழுக்கிவிடச் செய்வது. கண்ணுக்கு அருகில் தகட்டை வெட்டி, அவ்விளிம்பை வெளிப்புறம் மடித்து உயர்த்தினால், முகத்தின் மேல் வழுக்கி வரும் முனை கண்ணுக்குள் பாயாது. காது நிமிர இடமும், மூக்குத்துளை விரிய இடமும் விடப்பட வேண்டும். மூச்சு முட்டும் குதிரை போர்க்களத்தில் வீரனுக்கே பகையாகும். தாடையின் இருபுறமும் தனித்தகடுகளை வளையப் பின்னலால் இணைத்துத் தொங்கவிடுவது இந்திய, பாரசீகக் கவசங்களின் வழக்கம். இதனால் தாடை அசையும், கடிவாளமும் தடைப்படாது.

வளையப் பின்னல் செய்வது நீண்ட உழைப்பைக் கோரும் வேலை. இரும்புக் கோலைத் துளைத்தகட்டின் பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்குப் படிப்படியாக இழுத்துக் கம்பியாக்கி, அதனை ஓர் உருளைக் கோலின் மேல் சுருளாகச் சுற்றி, நீளவாக்கில் வெட்டினால் வாய் திறந்த வளையங்கள் கிடைக்கும். ஒவ்வொரு வளையத்தின் இரு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தட்டையாக்கி, துளையிட்டு, சிறு தறையாணியைச் செலுத்தி இருபுறமும் தட்டி முடிப்பர். ஒரு வளையம் தன்னைச் சுற்றியுள்ள நான்கு வளையங்களைக் கோத்து நிற்கும். தறையாணி இல்லாமல் முனைகளை ஒன்றோடொன்று ஒட்டி மட்டும் விட்டால் வேலை விரைவில் முடியும். ஆனால் வேலின் முனை பாயும்போது அத்தகைய வளையம் வாய் பிளந்துவிடும். ஆகையால் ஒரு கவசம் மெய்யான போருக்குச் செய்யப்பட்டதா, ஊர்வலத்துக்குச் செய்யப்பட்டதா என்பதை அதன் வளையங்களின் வாயே சொல்லிவிடும்.

தகட்டையும் வளையத்தையும் ஒன்றாக்கிய கலப்பு வடிவமே இந்தியக் குதிரைக்கவசத்தின் சிறப்பு வடிவம். நீண்ட செவ்வகச் சிறுதகடுகளின் விளிம்புகளில் துளையிட்டு, அடுத்தடுத்த தகடுகளின் ஓரம் சற்றே ஒன்றையொன்று மூடும்படி வளைய வரிசைகளால் அவற்றைக் கோத்தால், தகட்டின் வலிமையும் துணியின் நெகிழ்வும் ஒருங்கே அமையும். இக்கவசத்தைச் சுருட்டி வண்டியில் ஏற்றலாம். வெவ்வேறு அளவுடைய குதிரைகளுக்கு வார்களைத் தளர்த்தியும் இறுக்கியும் பொருத்தலாம். ஒரு தகடு நசுங்கினால் அந்த ஒன்றை மட்டும் கழற்றிப் பாசறையிலேயே புதிது கோக்கலாம். ஆக்ஸ்பர்க் பட்டறையின் பெருந்தகடு ஒரு குறிப்பிட்ட குதிரையின் உடலுக்கு அளவெடுத்துச் செய்யப்படுவது. அந்தக் குதிரை இறந்தால் கவசமும் பாதிப் பயனை இழக்கும். ஓராண்டுக்குள் பல குதிரைகளை இழக்கும் தென்னாட்டுப் படைக்கு, குதிரை மாறினாலும் உதவும் கவசமே தேவைப்பட்டது.

உலோகத்தின் அடியில் நின்ற பருத்தி மெத்தையைத் துணைப்பொருள் என்று எண்ணுவது தவறு. பல மடிப்புத் துணியின் இடையே பஞ்சு திணித்து, நெருக்கமாகத் தையலிட்டு இறுக்கினால், தொலைவிலிருந்து வரும் அம்பின் விசையை அது பெரிதும் உறிஞ்சிவிடும். வாளின் வெட்டு இழைகளில் சிக்கித் தடைப்படும். பருத்தி விளையும் நாட்டில் இது கிடைத்தற்கு எளிது, செலவும் குறைவு, எடையும் தாங்கத்தக்கது. முகலாயர் காலத்தில், பல மடிப்புத் துணியின் மேல் நெருக்கமாக ஆணிகள் அறைந்து செய்த ஆயிரம் ஆணிச் சட்டை என்னும் வகையும் வழங்கியது. அது துணிக்கும் உலோகத்துக்கும் நடுவே நின்ற ஒரு தீர்வு.

கடல்கடந்த குதிரையின் விலை

எஃகு எளிதில் கிடைத்த தமிழகத்தில் நல்ல குதிரை எளிதில் கிடைக்கவில்லை. குதிரைகள் கடல்வழி வந்ததைச் சங்க இலக்கியமான பட்டினப்பாலையே குறிப்பிடுகிறது. பாண்டியனின் பொன்னைக் கொண்டு குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர் வரலாறு, அரசின் கருவூலத்தில் குதிரைக்கு இருந்த இடத்தைச் சமய மரபிலும் பதித்துவைத்துள்ளது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகள் இடம்பெறுகின்றனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் எனப்பட்ட பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினர் என்றும், ஒன்றின் விலை 500 சாஜி எடைப் பொன் என்றும், தகுந்த பராமரிப்பும் லாடம் அடிப்போரும் இல்லாமையால் ஆண்டு முடிவில் 100 குதிரைகளும் எஞ்சுவதில்லை என்றும் கூறுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்பும் உடன்படிக்கையையும், குதிரைக்கு 220 செம்பொன் தினார் என்ற விலையையும் பதிந்துள்ளார். பிற்காலத்தில் போர்த்துக்கீசியரான நூனிசு, சாளுவ நரசிம்மர் கடலில் இறந்த குதிரைகளுக்கும் அவற்றின் வாலைச் சான்றாகக் கொண்டு விலை தந்தார் என்று எழுதுகிறார்.

எண்களில் மிகை இருப்பினும், இவை ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் செய்தி ஒன்றே: போர்க்குதிரை என்பது பெரும் முதலீடு. அதைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் வறண்ட அரபு நாட்டிலிருந்து ஈரக்காற்று வீசும் சோழமண்டலக் கரைக்கு வந்த விலங்கை வியர்வை ஆறவிடாமல் இரும்பால் மூடுவது, பகைவன் செய்ய வேண்டிய வேலையை வெப்பத்தைக் கொண்டு செய்விப்பதற்கு ஒப்பாகும். குதிரை தன் உடற்சூட்டைப் பெரிதும் வியர்வையால் தணிப்பது. விலை மிக்க குதிரையைக் காக்க வேண்டிய தேவையும், அதனை மூச்சுத் திணறாமல் வைக்க வேண்டிய தேவையும் ஒன்றோடொன்று மோதிய இடத்தில்தான் தென்னாட்டுக் குதிரைக்கவசத்தின் வடிவம் முடிவாயிற்று.

விசயநகரப் படையில் கண்ட கவசம்

இந்த முடிவைக் கண்ணாரக் கண்டு எழுதியவர்கள் 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியர். 1516ஐ ஒட்டி எழுதிய துவார்த்தே பர்போசா, குசராத்துக் குதிரைப்படையில் வீரர் வளையச் சட்டையோ பஞ்சு தைத்த சட்டையோ அணிந்தனர் என்றும், குதிரைகளுக்குப் போர்வையும் எஃகு முகக்கவசமும் இருந்தன என்றும், அதனால் அவை இலேசாக இயங்கின என்றும் குறிப்பிடுகிறார். முகத்துக்கு எஃகு, உடலுக்குத் துணி என்னும் பங்கீடு இதில் தெளிவாக வெளிப்படுகிறது.

கிருட்டிணதேவராயர் காலத்தில் விசயநகரத்துக்கு வந்த தொமிங்கோ பாயசு, மகாநவமி விழாவை அடுத்து நடந்த படை அணிவகுப்பில், பட்டும் வெல்வெட்டும் போர்த்திய குதிரைகளின் நெற்றியில் வெள்ளித் தகடும் பொன்பூச்சுத் தகடும் பல நிறப் பட்டுக் குஞ்சங்களோடு விளங்கியதையும், சில குதிரைகள் பாம்பு முதலிய விலங்குகளின் தலை வடிவில் செய்த முகக்கவசங்களை அணிந்திருந்ததையும் வியந்து எழுதியுள்ளார். வீரர்களின் சட்டைகள் பஞ்சு தைத்தவையாகவும், தோலடுக்குகளால் ஆனவையாகவும், இடையே இரும்புத் தகடுகள் பொருத்தியவையாகவும் இருந்தன. விலங்குத் தலை வடிவில் முகக்கவசம் செய்வதற்கு உலோகத்தை உட்புறமிருந்து தட்டிப் புடைக்கச் செய்யும் திறன் வேண்டும்; கோயில்களுக்குச் செப்புக்கவசமும் வெள்ளிக்கவசமும் செய்யும் கன்னாரும் தட்டாரும் வழிவழியாகக் கையாண்ட திறன் அது. போர்க்கருவி செய்யும் கொல்லரும் தெய்வத்துக்குக் கவசம் செய்யும் கைவினைஞரும் ஒரே கம்மாளர் சமூகத்தின் கிளைகளாய் இருந்தமை இதனை எளிதாக்கியது.

இந்தப் படையின் சாயலைத் தமிழகக் கோயில்கள் கல்லில் காத்துள்ளன. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்திலும், வேலூர்ச் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்திலும், முன்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள் வீரர்களோடு தூண்களாக நிற்கின்றன. அவற்றின் தலைப்பட்டைகளும், மார்பைச் சுற்றி வரும் வார்களும், மணிகளும் தொங்கல்களும், சேணத்தின் அடியில் விரிந்த துணியின் ஓர வேலைப்பாடும் மிகுந்த கவனத்தோடு செதுக்கப்பட்டுள்ளன. குதிரையின் தசை வெளிப்பட விடப்பட்டிருப்பதும், அணிகலனும் காப்பும் தலையிலும் மார்பிலும் குவிந்திருப்பதும், பாயசு கண்ட பங்கீட்டோடு ஒத்துச் செல்கின்றன. அருணகிரிநாதர் திருப்புகழில் வரும் பக்கரை என்னும் குதிரைப் போர்வையும் இதே மரபைச் சேர்ந்ததே. சிற்றூர்களின் ஐயனார் கோயில்களில் வேளார் செய்து நிறுத்தும் மண்குதிரைகளிலும், கடிவாளமும் நெற்றியணியும் மார்பு மணிமாலையும் இன்றளவும் மாறாமல் பூசி வரையப்படுகின்றன. கல்வெட்டும் நூலும் சொல்லாத சிலவற்றை இந்த உருவங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றன. அவற்றைக் கலைப்பொருளாக மட்டும் பாராமல் தொழில்நுட்பச் சான்றாகவும் படிக்க வேண்டியது ஆய்வாளரின் கடமை.

யானைக்கு எடையால் வரும் தடை குறைவாக இருந்தமையும் இங்கே ஒப்புநோக்கத்தக்கது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர்முசிலிருந்து ஒரு குதிரையோடு தக்காணத்துக்கு வந்த உருசிய வணிகர் அபனாசி நிகிதின், பாமினி அரசின் யானைகள் எஃகுக்கவசம் பூண்டு சென்றதைக் கண்டார். குதிரைக்குச் சுமையாகும் எடையை யானை பொருட்படுத்தாது. ஆகவே எஃகுக்கவசம் யானையின் மேல் தாராளமாக ஏறியது.

செஞ்சியும் இலகு குதிரையும்

துப்பாக்கியும் பீரங்கியும் பரவியபோது குதிரைக்கவசத்தின் கணக்கு மீண்டும் மாறியது. 1520ஆம் ஆண்டு இராய்ச்சூர் முற்றுகையிலேயே போர்த்துக்கீசியத் துப்பாக்கி வீரர் கிருட்டிணதேவராயருக்குத் துணைநின்றனர். அம்பையும் வாளையும் தடுத்த தகடு குண்டைத் தடுக்க வேண்டுமானால் இருமடங்கு தடிக்க வேண்டும். அந்த எடையைக் குதிரை சுமக்காது. ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டின் போக்கில் குதிரைக்கவசம் முகக்கவசமாகச் சுருங்கி, பின்னர் அதுவும் மறைந்தது.

இந்த மாற்றத்தின் தென்னிந்திய அரங்கம் செஞ்சி. 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றி அரணை வலுப்படுத்தினார். பின்னர் மராத்திய அரசர் இராசாராம் அங்கே தங்கியபோது, 1690 முதல் 1698 வரை சுல்பிகார் கானின் முகலாயப் படை கோட்டையை முற்றுகையிட்டது. பீரங்கிகளும் கனத்த தளவாடங்களும் நிரம்பிய முகலாயப் பாசறைக்கு வெளியே, சந்தாசி கோர்படேயும் தனாசி சாதவும் நடத்திய மராத்தியக் குதிரைப்படை, தானியம் வரும் வழிகளைத் துண்டித்து 1693இன் தொடக்கத்தில் சுல்பிகார் கானை வந்தவாசிக்குப் பின்வாங்கச் செய்தது. அந்தப் படையின் வலிமை வேகத்தில் இருந்தது. குறைந்த சுமையோடு நெடுந்தொலைவு ஓடி, அடித்து, மறையும் குதிரைக்குத் தகடு தேவைப்படவில்லை. முகலாயத் தரப்பில் எஃகுக்கவசம் மதிப்பின் சின்னமாகத் தொடர்ந்தபோதிலும், போரின் முடிவைத் தீர்மானிக்கும் இடத்தை அது இழந்துவிட்டது. 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து மாண்ட தேசிங்கு ராசனின் கதையை நாட்டார் பாடல்கள் போற்றும்போதும், அவை போற்றுவது குதிரையின் பாய்ச்சலையும் அதன் மேல் இருந்தவனின் துணிவையுமே.

எஞ்சியவையும் இழந்தவையும்

தென்னிந்தியாவிலிருந்து வெளிநாடு சென்ற விலங்குக் கவசங்களுள் பெரும்புகழ் பெற்றது ஒரு யானைக்கவசம். 1798 முதல் சென்னை ஆளுநராக இருந்த எட்வர்டு கிளைவின் மனைவி ஹென்ரியெட்டா கிளைவ், இந்தியாவில் பெற்ற அக்கவசத்தை 1801இல் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். முகலாயர் காலத்தைச் சேர்ந்த அது, முழுமையாக இருந்தபோது 8,439 தகடுகளும் 159 கிலோ எடையும் உடையது; இப்போது எஞ்சியிருப்பவை 5,840 தகடுகளும் 118 கிலோவும் ஆகும். லீட்சு நகரின் அரச படைக்கல அருங்காட்சியகத்தில் உள்ள அந்தக் கவசம், சிறுதகடும் வளையமும் கோத்த கலப்பு முறையின் மிக விரிந்த எடுத்துக்காட்டு; குதிரைக்குச் சிறு அளவில் செய்யப்பட்டதை அது பேருருவில் காட்டுகிறது.

தமிழ்நாட்டில் நேர்ந்த இழப்பு இதனினும் பெரிது. 1855இல் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபின், அரண்மனைப் படைக்கலச் சாலை ஆங்கில ஆட்சியின் கைக்கு வந்தது. தேர்ந்தெடுத்த படைக்கலங்கள் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டன. எஞ்சியவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டு உலோகமாக விற்கப்பட்டது. நாயக்கர் காலத்தும் மராத்தியர் காலத்தும் கொல்லர்கள் அடித்த எஃகு, எடைக்கணக்கில் மீண்டும் உலைக்குச் சென்றது. ஒரு நாட்டின் தொழிலறிவு பொருளாக நிலைத்திருந்தும், அதனைப் படிக்கத் தெரியாத கைகளில் அது பழைய இரும்பாக மட்டுமே மதிக்கப்பட்டது என்பது வருந்தத்தக்க வரலாறு.

ஈரமும் உப்பும் கலந்த கடற்காற்றும் தன் பங்குக்கு அழிவைச் சேர்த்தது. மெல்லிய வளையங்களும் ஒரு மில்லிமீட்டர்த் தகடுகளும் எண்ணெயிட்டுத் துடைக்கும் கைகள் விலகிய சில ஆண்டுகளிலேயே துருவேறிக் கரையத் தொடங்கும். பருத்தி மெத்தையும் தோல் வாரும் அதற்கு முன்பே கறையானுக்கும் பூஞ்சைக்கும் இரையாகும். ஆகவே தென்னாட்டுக் குதிரைக்கவசத்தில் பெரும்பங்கு வகித்த துணியும் தோலும் மறைந்துபோக, அங்கங்கே எஞ்சிய உலோகத் துண்டுகளை மட்டும் கொண்டு அக்கலையை அளவிடும் தவறு நேர்ந்தது. முழுத்தகட்டால் மூடிய ஐரோப்பியக் குதிரையை அளவுகோலாக வைத்துப் பார்ப்பவர்க்குத் தென்னாட்டுக் கவசம் குறையுடையதாகத் தோன்றும். குதிரையின் மூச்சையும், வெயிலையும், பாசறையில் பழுது பார்க்கும் வசதியையும், கருவூலத்தின் செலவையும் அளவுகோலாக வைத்தால், நெற்றிக்கு எஃகும் கழுத்துக்கு வளையமும் உடலுக்குப் பருத்தியும் வகுத்த கைகளின் அறிவு விளங்கும்.

இந்த அறிவை மீட்டெடுக்கத் தேவையான சான்றுகள் இன்னும் தமிழகத்திலேயே உள்ளன. மேல்சிறுவளூர் போன்ற இடங்களின் மூசைத் துண்டுகள் எஃகின் தரத்தைச் சொல்லும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள தஞ்சைப் படைக்கலங்கள் கொல்லரின் கைவேலையைச் சொல்லும். திருவரங்கத்தின் கற்குதிரைகளும் சிற்றூர்களின் மண்குதிரைகளும் பூட்டிய முறையைச் சொல்லும். 2025இல் மராத்தியப் போர்க்கள நிலப்பரப்புகளின் வரிசையில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட செஞ்சியின் லாயங்கள் குதிரையைப் பேணிய ஒழுங்கைச் சொல்லும். இவற்றைத் தனித்தனித் துறைகளாகப் பிரித்து வைக்காமல், உலோகவியலாரும் சிற்ப ஆய்வாளரும் கால்நடை மருத்துவரும் கைத்தொழில் அறிந்த கொல்லரும் ஒன்றுகூடிப் படித்தால், வளையத்தின் தறையாணியிலிருந்து சேணத்தின் வார் வரை தமிழகக் குதிரைக்கவசத்தை மீண்டும் எழுதிவிடலாம். அவ்வாறு எழுதுவது, பெயர் பொறிக்கப்படாமலே மறைந்த அத்தொழிலாளர்களுக்கு இந்நாடு செலுத்த வேண்டிய கடனும் ஆகும்.